அண்ணி பார்த்த கடல்நாய்

அண்ணிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அவருக்கு மயக்கம் தெளிவதற்குள், "தாங்க மாட்டாங்க, காட்டாதீங்க" என்று நர்சிடம் சொன்னவள் நான்தான். துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையை நானே வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன். அவன் இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்தான்.

ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அண்டார்டிகாவில் கடல்நாய்கள் குட்டி போட்டு வளர்ப்பதை ஆராய்கிறவர்கள், பனியில் கேமரா வைத்து எடுத்த வீடியோக்களை அனுப்புவார்கள். தாய் எது, குட்டி எது என்று வீட்டிலிருந்தே குறித்துக் கொடுக்க வேண்டும். ஒருநாள் காப்பி கொண்டுவந்த அண்ணி, கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாடி, இந்தக் குட்டி அசையவே இல்ல?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அது செத்துப் போச்சு அண்ணி. தாய் ரெண்டு நாளா பக்கத்துலயே கெடக்குது."

"யாரும் குட்டிய தூக்கினு போலியா?"

"அங்க யாரு இருக்காங்க அண்ணி? கேமரா மட்டுந்தான்."

"குடுத்து வெச்சவ" என்றார் அண்ணி.

காப்பியை வைத்துவிட்டு, அதுவரை கேட்காததைக் கேட்டார். "நீதான கையில வாங்கின? மொகம் எப்டி இருந்துச்சு?"

அண்ணன் ஜாடை என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அன்று அவசரப்பட்டேன். அந்த அவசரத்தில் நானும் துணியை விலக்கிப் பார்க்கவில்லை.