லேமினேஷன் போட்ட ஓய்வுக்காலம்

ஓய்வூதியத் திட்டத்தின் விதி தெளிவாகவே இருக்கிறது: பணிக்காலத்தைக் கணக்கிடும்போது ஆறு மாதமோ அதற்கு மேலோ மிஞ்சினால், அதை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும். ஆக, ஒன்பது ஆண்டு எட்டு மாதம் என்பது பத்து ஆண்டு. பத்து ஆண்டு இருந்தால் ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம். இல்லையென்றால் ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த விதியை எங்கள் தொழிற்சாலையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. அதனால் நான் கண்ட பயன், ஓய்வு பெற்ற பின்னும் பிறருடைய விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருப்பதுதான்.

ஹெப்பகோடிக்கு அருகில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. நான் பணியாளர் பிரிவு. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் மாடியைக் கூட்டித் துடைத்த ஓர் அம்மா, நாற்பத்தெட்டு வயதில்தான் ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் முதன்முறையாக பி.எஃப். உள்ள வேலையில் சேர்ந்தார். அதற்கு முன் வீட்டு வேலை. அதற்கு விதியும் கிடையாது, விடுப்பும் கிடையாது. சேர்ந்த வாரமே என் மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சார், ஐம்பத்தெட்டுல நின்னுடணும். அதுக்கு மேல முட்டி தாங்காது. மருமக கையை எதிர்பார்க்காம இருக்க என்ன செய்யணும்?"

நான் இருபத்தேழு வயதிலேயே என் ஓய்வுக்குத் திட்டம் எழுதி வைத்தவன். இளம் என்ஜினீயர்களைப் பிடித்து உபதேசம் செய்வேன். அவர்கள் காரைப் பற்றிப் பேசுவார்கள். தானாக வந்து கேட்ட ஒரே ஆள் இவர்தான்.

மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் கழித்து ஒப்பந்தக்காரர் மாறினார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு லீஸ் வீடு ஒன்று கிடைத்தது. மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் மாத வாடகை இல்லை. பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஓய்வூதியப் பங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லி, அதுவரையிலான பணிக்காலத்துக்கு ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தேன். "உங்க பழைய சர்வீஸுக்கு இது ஒண்ணுதாம்மா சாட்சி. பத்திரமா வெச்சுக்கோங்க" என்றேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்ததும் இருவரும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனோம். அவர் பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். பளபளவென்று இருந்தது. வாங்கிய மறுநாளே ஆஸ்டின் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டிருக்கிறார்.

கவுண்டரில் இருந்தவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "ஆகல்லம்மா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "ஒரிஜினல் மேல சீல் வெச்சு கேன்சல் பண்ணணும். பிளாஸ்டிக்ல மை நிக்குமா? பிரிச்சா கையெழுத்தும் கூடவே வந்துடும். யாரு போடச் சொன்னது?"

"சார்தான் பத்திரமா வெச்சுக்கச் சொன்னாரு."

கவுண்டர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவர் மாதிரி இருக்கீங்க."

சான்றிதழ் இல்லாவிட்டால் கணக்கில் புதிய ஒப்பந்தக்காரரிடம் செய்த ஆறரை ஆண்டுதான். முதல் ஒப்பந்தக்காரர் கடையைக் கட்டிவிட்டுப் போய் நெடுநாளாகிறது. ஐம்பத்தெட்டுக்கு மேல் செய்யும் வேலை ஓய்வூதியக் கணக்கில் சேராது என்பதால் இனி உழைத்து ஈடுகட்டவும் வழியில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவர்தான் என்னைத் தேற்றினார். "விடுங்க சார். ரேஷன் கார்டு, பையன் மார்க்ஸ் கார்டு, எல்லாத்துக்கும் போட்டிருக்கேன். மழை வந்தா எங்க வீடு ஒழுகும்ல."

பத்திரம் என்றால் பீரோ என்று நினைத்துவிட்டேன். என் வீட்டில் பீரோ இருந்தது.

அடுத்த வாரமே ஓர் அபார்ட்மென்ட்டில் மாடிப்படி துடைக்கச் சேர்ந்தார். பென்ஷன் வரும்வரைதான் என்றார். நான் மனு எழுதினேன். சான்றிதழின் எண் தெளிவாகத் தெரிகிறது, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். லேமினேஷன் செய்தது செல்லாது என்று எந்த விதி சொல்கிறது என்றும் தெரிவியுங்கள். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். மேலதிகாரிக்கு நகல் அனுப்பினேன். கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும், நாங்கள் இருவரும் போகும் மாதா கோயில் வாசலில், "வந்துச்சா சார்?" என்பார். சில மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக இறங்கிப் போனார்.

பதில் முகவரியாக என் வீட்டைக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் கடிதம் வந்தது. இரண்டே வரி: பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டது, பணிக்காலம் பத்து ஆண்டாக ஏற்கப்படுகிறது. லேமினேஷனைப் பற்றி ஒரு சொல் இல்லை. உடனே போன் செய்தேன். வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நிஜமாவா சார்?" என்றார். "அப்ப இன்னும் ரெண்டு மாடிதான் பாக்கி. முடிச்சுட்டு, நாளையிலேர்ந்து வரமாட்டேன்னு சொல்லிடறேன்."

கடிதம் வந்த நாள், நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்.