எங்கள் வாங்கு எங்கே?

போன மாதம் இதே இடத்தில் ஒரு பெரிய புலம்பல் புலம்பியிருந்தேன். நினைவிருக்கிறதா? 'நம் இளைஞர்கள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை? வேதத்தை மறந்துவிட்டார்களா?' என்று...

வந்தது வினை.

கடந்த வெள்ளிக்கிழமை சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னை எங்கள் போதகர் பிடித்துக்கொண்டார்.

"உங்கடை கட்டுரை அருமை. ஞாயிற்றுக்கிழமை வந்து சபைக்கு முன்னாலை ஒருக்கா வாசியுங்கோவன்."

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? நான் கடைசியாகக் கோயிலுக்குப் போனது போன நத்தார்ப் பண்டிகைக்கு. அதற்கு முன் போனது அதற்கு முந்திய நத்தாருக்கு!

ஞாயிறு காலை மகள் ஏழு மணிக்கே சைக்கிளில் பௌதிக டியூஷனுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமையில் டியூஷனா என்று மனைவி முணுமுணுத்தபோது, 'யூனிவர்சிட்டிதான் முக்கியம்' என்று வாயை அடைத்தவன் நான். டியூஷன் எங்கே நடக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை. செத்தவீட்டுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

கோயிலுக்குள்ளே போதகரோடு சேர்த்து ஒன்பது பேர். சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால், மூன்றாவது வரிசையில் எங்கள் வாங்கைக் காணவில்லை! அப்பா கோயிலுக்குச் செய்து கொடுத்த வாங்கு. முதுகுப் பலகையில் அவர் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. நாங்கள் விட்டதுமில்லை.

வெறும் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நமக்கு இங்கே இனி இடமே இல்லையா? உண்மையாகவே அழுகை வந்தது. அது கோபமாக மாற அதிக நேரம் எடுக்கவில்லை.

"எங்கடை வாங்கு எங்கை?" மணியடிக்கும் யேசுதாசன் அண்ணையின் மேல் பாய்ந்தேன்.

"தம்பி, அது சும்மாதானே கிடந்தது. தூசி தட்டித் தட்டி எனக்கும் அலுத்துப்போச்சு. பக்கத்து ஹோலிலை டியூஷன் குடுக்கிற மாஸ்டர் கேட்டார். போதகர் ஐயா குடுக்கச் சொன்னவர்."

"இப்பவே தூக்கிக்கொண்டு வாறன் பாருங்கோ!"

கட்டுரையைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு ஹோலுக்கு ஓடினேன்.

அங்கே நிற்க இடமில்லை. அவ்வளவு பிள்ளைகள்! கடைசி வரிசையில் எங்கள் வாங்கு. அதில் நெருக்கிக்கொண்டு ஐந்து பெண்பிள்ளைகள். நடுவில், அப்பப்பாவின் பெயர்மேல் சாய்ந்துகொண்டு... என் மகள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"அப்பா... ஆர் செத்தது?"

கட்டுரை இன்னும் கோட்டுப் பையில்தான் கிடக்கிறது.