சந்திரம்மாளும் ஈரக்கழிவும்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சந்திரம்மாளின் விறகுத்தொட்டி இருந்தது. ஐம்பது வயது, கணீரென்ற குரல். அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. நான் பக்கத்திலிருந்த அட்டைக் கம்பெனியில் பாய்லர் பார்த்தவன். அவர் அனுப்பும் விறகை அள்ளிப் போட்டு வேகிறவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு.

கோபத்துக்குக் காரணம் தண்ணீர். அந்தப் பக்கம் எல்லா விறகு வியாபாரிகளும் லாரி எடைமேடைக்கு வருமுன் லோடின் மேல் தண்ணீர் அடிப்பார்கள். எடை கூடும். கம்பெனிக்காரர்கள் மட்டும் இளித்தவாயர்களா? நூறு கிலோவுக்குப் பதினைந்து கிலோ "ஈரக்கழிவு" என்று பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பதினைந்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. இவர்கள் ஊற்ற, அவர்கள் பிடிக்க, நடுவில் நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பேன். ஈர விறகுக்கு ஸ்டீம் ஏறாது. அதற்கும் சேர்த்து இன்னும் நாலு கட்டை போட வேண்டும்.

1990இல் சுற்று வட்டார வியாபாரிகள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சந்திரம்மாள்தான் செயலாளர். ஏரிக்கரையில் வேலிகாத்தான் முள்மரத்தை வேரோடு பிடுங்கக்கூடாது, தரைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும் என்று ஒரு சட்டம் போட்டார். வெட்டியதை மூன்று மாதம் காயவைத்துத்தான் விற்க வேண்டும் என்பது இன்னொன்று. காய்ந்த விறகு கொஞ்சமாகச் செலவாகும், மரமும் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் காய்ந்த லோடுக்கும் கம்பெனிகள் அதே பதினைந்தைப் பிடித்தன. சட்டத்தை மதித்தவனுக்குத்தான் நஷ்டம். உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள்.

1991 தொடக்கத்தில் வளைகுடாவில் சண்டை. ஃபர்னஸ் ஆயில் வருவது தடுமாறியது. எங்கள் கொள்முதல் மேனேஜர் நரசிம்மன், எண்ணெயில் ஓடும் பெரிய பாய்லரையும் விறகுக்கு மாற்றலாமா என்று யோசித்தார். சந்திரம்மாள் நேரே அவர் அறைக்குப் போய்விட்டார். ஒரு லோடு காய்ந்த விறகு தருகிறேன். ஒரு ஷிஃப்ட் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீம் இறங்காமல் நின்றால் இனி எங்கள் சங்க விறகுக்குக் கழிவே பிடிக்கக்கூடாது என்றார். நரசிம்மன் ஒப்புக்கொண்டார்.

"இது நடக்கலன்னா ஞாயித்துக்கெழம கூட்டத்துல நானே சங்கத்த கலைச்சிட்றேன்" என்று சந்திரம்மாள் உறுப்பினர்களிடமும் சொல்லிவிட்டார்.

குறித்த நாள் காலை எட்டு மணிக்கு லாரி உள்ளே வந்தது. சொட்டச் சொட்ட வந்தது.

ஓட்டி வந்தவன் கண்ணப்பன், சந்திரம்மாளிடம் பல வருஷமாக இருக்கும் டிரைவர். வழியில் பம்புசெட்டைப் பார்த்ததும் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது. முக்கியமான லோடு என்பதால் வழக்கத்தைவிடத் தாராளமாகவே ஊற்றியிருந்தான்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க!" சந்திரம்மாள் ஈரக்கட்டை ஒன்றை உருவி அவன் முன்னால் நீட்டினார்.

"பழக்கத்துல பண்ட்டேன்க்கா" என்றான் கண்ணப்பன். பிறகு மெதுவாக, "மழன்னு சொல்லிக்கலாமா?"

மாசி மாதத்தில் மழை! அவன் மூளை அவ்வளவுதான்.

நரசிம்மன் வெளியே வந்து லாரியைப் பார்த்துச் சிரித்தார். "இதுதான் உங்க காஞ்ச வெறகாம்மா? திருப்பி எடுத்துக்கினு போங்க."

சந்திரம்மாள் போகவில்லை. "எங்காளு தண்ணி ஊத்திட்டான் சார், தப்புதான். உள்ளே காஞ்சிதான் கீது. இப்படியே எடை போடுங்க, எழுதிக்குங்க. உங்க சிமெண்ட் தரையில கொட்டிக் காய வெக்கிறேன். மூணு மணிக்கு மறுபடி போடுங்க."

நரசிம்மன் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் எண்ணெய் டேங்கில் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரி, போடுங்க" என்றார்.

கண்ணப்பனும் சந்திரம்மாளும் கட்டை கட்டையாகப் பரப்பினார்கள். வெயில் நன்றாக இருந்தது. இடையில் இரண்டு முறை புரட்டிப் போட்டார்கள். சந்திரம்மாள் மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு ஒரு கட்டைகூட விடாமல் ஏற்றி எடை போட்டோம். சீட்டை நான்தான் படித்தேன். காலை எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அதாவது தாராளமாக ஊற்றிய தண்ணீரே, நூற்றுக்கு ஆறு கிலோதான்.

சந்திரம்மாள் சீட்டை வாங்கி நரசிம்மனிடம் நீட்டினார்.

"தண்ணி ஆறு சார். நீங்க புடிக்கிறது பதினஞ்சு. மீதி ஒம்போது?"

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கமாக அப்படித்தான் பிடிப்போம் என்றார்.

"மொதல்ல பாய்லர் ஓடட்டும்" என்று சந்திரம்மாள் விட்டுவிட்டார்.

இரண்டாம் ஷிஃப்டை நானே ஓட்டினேன். ஸ்டீம் காட்டும் முள் இறங்கவில்லை, புகையும் இல்லை. வழக்கமாகச் செலவாவதில் கால்வாசி விறகு மிச்சம். மறுநாள் காலை நரசிம்மன் சங்க விறகுக்கான ரசீதில் ஈரக்கழிவு என்ற வரியைப் பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

சந்திரம்மாள் வெளியே வந்தபோது கண்ணப்பன் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக நின்றான். அவர் வாங்கவில்லை. எடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இருவது வருஷமா இந்த மேடையில தல குனிஞ்சிக்கினு நின்னேன் தம்பி. நாந்தான் திருடின்னு நெனச்சிக்கினு, அவங்க புடிச்சத வாய் தொறக்காம வுட்டுட்டேன்" என்றார் என்னிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் முன்னால் அவர் அதிகம் பேசவில்லை. "ஆறு கிலோ நாம திருடினோம். ஒம்போது கிலோ அவங்க திருடினாங்க. இனிமே ரெண்டும் வேணாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சங்கத்தைக் கலைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.