இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைத்த லைஃப் ஜாக்கெட்

சீருடைக் கிடங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆளின் பெயர் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலைக் காவல் காக்கிற ஒரு படையின் முகாமில் நான் ஸ்டோர்கீப்பர். எந்தப் படை என்று கேட்காதீர்கள், சொல்லக் கூடாது. தொப்பியிலிருந்து பூட்ஸ் லேஸ் வரை, டார்ச் லைட்டிலிருந்து லைஃப் ஜாக்கெட் வரை எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். நான் நாசரேத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் பிறந்தவள். புதுப் பென்சில் கேட்டால், "பழச எங்க? காட்டு" என்று கேட்கிற அப்பாவிடம் வளர்ந்தவள். ஆகவே இந்த வேலைக்காக எனக்குத் தனியாக எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அதுக்குள்ள முந்திரி தீந்துட்டா?" என்று கேட்டு ஊர் ஏச்சை வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், நாம் ஒரே கட்சி.

கிழிந்த காலர்

ராயப்பன் கீழவைப்பார்க்காரன். எங்கள் ரோந்துப் படகில் வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து கவுண்டரில் சாய்ந்து நின்றான். திங்கட்கிழமை மணப்பாட்டுக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். யூனிபார்மில் போனால்தான் பெண் வீட்டார் வேலையை நம்புவார்கள் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாளாம். காலர் நைந்து போயிருந்தது. புதுச் சட்டை ஒன்று வேண்டும்.

அவனுக்கு அடுத்த சட்டை கொடுக்க எட்டு மாதம் இருந்தது. நான் அதைச் சொன்னேன். "காலரப் பிரிச்சுத் திருப்பித் தச்சுக்கிடு, புதுசு மாதிரி இருக்கும்" என்று இலவச யோசனையும் சொன்னேன். அதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை போல. கிழிந்த காலரோடுதான் போயிருக்கிறான். புதன்கிழமை ஒரு டப்பா மக்ரூனோடு வந்து நின்றான். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பொண்ணோட அப்பா என் காலரத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாருக்கா. 'பையன் ஊதாரி இல்ல'ன்னு சொல்லி அன்னைக்கே பேசி முடிச்சிட்டாரு."

வயிறு மாறும் மாதங்கள்

எங்களுக்கு வருகிற கால்சட்டைகள் எல்லாம் வரையறுத்த அளவுகளில் வரும். எங்கள் ஆட்கள் அப்படி வருவதில்லை. அதனால் ஊருக்குள் தையல் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணாச்சியிடம்தான் எல்லாம் போகும். வருடாந்திர உடல் தகுதித் தேர்வுக்கு முன்னால் எல்லோரும் ஓடி இளைப்பார்கள், கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ், புது வருஷம் முடிந்து லீவிலிருந்து திரும்பியதும் அதே கால்சட்டையை விடச் சொல்வார்கள்.

ஒரு ஜனவரியில் எட்டுப் பேர் ஒரே வாரத்தில் புதுக் கால்சட்டை கேட்டு வந்தார்கள். பிடித்தபோது அண்ணாச்சி உள்மடிப்பைக் கத்தரித்து எறிந்துவிட்டார்; இனி விடுவதற்குத் துணி இல்லை. எனக்கு வந்த கோபத்தில் நேராகக் கடைக்கே போய்விட்டேன். "அரசாங்கத் துணிய இப்படி வெட்டலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தவே இல்லை.

"துணி ஒங்க பொறுப்பு மேடம், சரிதான். அவனுவ வயித்துக்கு நான் பொறுப்பாக முடியுமா?"

முத்தையாவின் தேங்காய் எண்ணெய்

கிடங்கில் எனக்கு உதவிக்கு முத்தையா இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஏரல் பக்கம் கொஞ்சம் நஞ்சை உண்டு. நடவு, அறுப்புக்கு லீவு போடுவதைத் தவிர வேறு குறை கிடையாது. எங்கள் கிடங்குக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான். உப்புக் காற்று உள்ளே வந்து பொத்தானைப் பச்சையாக்கும், ஜிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெல்ட் கொக்கியைத் தின்னும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முத்தையா தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைப்பார்.

ஒருமுறை அந்த எண்ணெய்க் கை ஓர் அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையில் பட்டுவிட்டது. அணிவகுப்பு மறுநாள். அதிகாரி எல்லோர் காதிலும் விழும்படி ஏசினார். முத்தையா பவுடர் போட்டுக் கறையை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி போன பிறகு, இனிமேல் அதிகாரிகள் உடுப்பைத் தனியாக வையுங்கள் என்று நான் சொன்னேன்.

"வச்சிருவோம் மேடம். ஆனா இந்தக் காத்துக்கு அவரு பொத்தானும் ஒண்ணுதான், என் சைக்கிளும் ஒண்ணுதான்."

முன்வரிசை

இப்போது நம் எல்லோருக்கும் உள்ள ஒரு வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது சோபாவுக்கு பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே பத்து வருடம் உட்காருவோம். நல்ல தட்டுகளை ஷோகேசில் பூட்டிவிட்டு நெளிந்த தட்டில் சாப்பிடுவோம். கிடங்குக்காரர்களிடம் இது முற்றிப்போய் இருக்கும். மேலதிகாரி ஆய்வுக்கு வரும்போது கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற ரேக் முன்வரிசை. அதில் புதுச் சரக்கு பாலிதீன் பிரிக்காமல் பளபளவென்று இருக்க வேண்டும். உழைத்துக் களைத்ததெல்லாம் பின்வரிசையிலிருந்து வெளியே போகும். சட்டத்தில் இப்படி எங்கும் எழுதியில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன்.

ராயப்பனுக்குக் கல்யாணமான மறுவருடம் இருபது புது லைஃப் ஜாக்கெட் வந்தது. கழுத்தில் மாட்டி, ஆபத்தில் ஒரு கயிற்றை இழுத்தால், உள்ளே இருக்கிற சிறிய சிலிண்டர் திறந்து தானாகக் காற்று நிரம்பும். ஆய்வு வரப்போகிறது என்று அவற்றை முன்வரிசையில் அடுக்கினேன். ஆய்வு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. பழைய ஜாக்கெட்டுகளின் பயன்பாட்டுத் தேதி முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்து, 'நல்ல நிலை' என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டேன். ராயப்பன் வந்து, தன்னுடைய ஜாக்கெட்டில் துரு தெரிகிறது, புதுசு தாருங்கள் என்று கேட்டான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். தேதி முடியட்டும், ஆய்வும் முடியட்டும் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பழசை மாட்டிக்கொண்டான்.

"சரிக்கா. ஆபீசரு கண்ணுல பட்ட பெறகே எங்க கழுத்துல போடுங்க."

ஒப்படைப்பு

ஆனி மாதம். கச்சான் என்கிற மேல்காற்று ஓங்கி அடித்த ஒரு காலை. வேம்பாருக்கு வெளியே எஞ்சின் நின்றுபோன ஒரு வள்ளத்தை இழுத்துவரப் போயிருந்தார்கள். வடத்தை எறிய எழுந்து நின்ற ராயப்பனை அலை தட்டிவிட்டது. ஜாக்கெட் கயிற்றை இழுத்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு முதலில் வந்த தகவல் இவ்வளவுதான்: ராயப்பன் கடலில் விழுந்துவிட்டான், ஜாக்கெட் விரியவில்லை.

அடுத்த தகவல் வர அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் நான் முன்வரிசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இருபது ஜாக்கெட்டும் தூசி படாமல் இருந்தன. அவன் மனைவியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவளிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். முத்தையா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஆளைப் படகில் தூக்கிவிட்டார்கள், முழங்கையில் மட்டும் காயம் என்று வயர்லெஸ்காரர் வந்து சொன்னபோது, நான் வாய்விட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் ராயப்பன் கையில் கட்டோடு கிடங்குக்கு வந்தான். சேதமான பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் வேறு தருவோம் என்பது எங்கள் விதி. அந்த விதிப்படி ஜாக்கெட்டைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தான். சிலிண்டர் வாய் துருவேறி இறுகிப் போயிருந்தது. வாயால் ஊதுவதற்கு ஒரு சின்னக் குழாய் உண்டு. அலைக்கு நடுவில் அதை ஊதி ஊதித்தான் மிதந்திருக்கிறான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குத்தல் எதுவும் இல்லாத குரலில் சொன்னான்.

"பழச ஒப்படைச்சிட்டேன்க்கா. புதுச இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச பெறகே வந்து வாங்கிக்கிடுதேன்."

காலி ரேக்

அவனைப் போகவிடவில்லை. என் கையாலேயே பாலிதீனைக் கிழித்து, ஜாக்கெட்டை அவன் கழுத்தில் போட்டுப் பட்டையை இறுக்கிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் இருபதும் படகுகளுக்குப் போய்விட்டன. பழசையெல்லாம் முத்தையாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். இன்னும் மூன்று இறுகிப் போயிருந்தன. சேத அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'உப்புக் காற்று' என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். புதியது கையிருப்பில் இருந்தும் பழையது வழங்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதியது உண்மைதான் என்று பதில் எழுதினேன். அந்த வருட ஊதிய உயர்வு தள்ளிப்போனது. நியாயம்தான்.

ஜாக்கெட்டுகள் படகுக்குப் போன அடுத்த வாரமே, இரண்டு முறை தள்ளிப்போன ஆய்வு வந்து நின்றது. கதவைத் திறந்ததும் மேலதிகாரியின் கண் முன்வரிசையில் விழுந்தது. அதில் பாலிதீன் துண்டு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. புது லைஃப் ஜாக்கெட் வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறதே, எங்கே என்று கேட்டார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். வழக்கமாக ஆய்வின்போது பின்வரிசைக்குப் பின்னால் நிற்கிற முத்தையா, எண்ணெய்த் துணியோடு முன்னால் வந்தார்.

"அது கடலுக்குப் போயிருக்கு சார், ஆளுவளோட."

இப்போதெல்லாம் யாராவது லைஃப் ஜாக்கெட் கேட்டு வந்தால் பழசைக் காட்டு என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டு, அவன் கரைக்குத் திரும்பி வந்த பிறகு கையெழுத்து வாங்குகிற மோசமான ஸ்டோர்கீப்பராக நான் ஆகிவிட்டேன்.