இரண்டு வாசல்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த பவுண்டரிக்கு முதலில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. இரண்டாவது வாசலைத் திறந்த அன்று ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்று வாங்கித் தின்றேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் மாமாவின் மளிகை மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தவனுக்கு டைம் ஆபீஸ் கிளார்க் வேலை கிடைத்தது. உள்ளே வருகிறவர்களுக்குப் பித்தளை வில்லை கொடுக்கவேண்டும், வெளியே போகிறவர்களிடம் திருப்பி வாங்கவேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் கம்பெனி வேலை என்றதும் ஊரில் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த பவுண்டரியில் பெரிய தண்ணீர்க் குழாய்கள் வார்த்தார்கள். தரையில் ஆள் உயரத்துக்குக் குழிகள். காலை ஷிப்டுக்காரர்கள் குழிக்குள் மணலால் அச்சு கட்டி, கரி நெருப்புப் போட்டுக் காயவைப்பார்கள். இரண்டு மணிக்கு வரும் மதிய ஷிப்டுக்காரர்கள், உருகிய இரும்பை வாளியில் கொண்டுவந்து அதில் ஊற்றுவார்கள். அச்சில் ஈரம் இருந்தால் தொலைந்தது. இரும்புக் குழம்பு பட்டதும் ஈரம் ஆவியாகி, குழம்பை ஊற்றுகிறவன் முகத்திலேயே திருப்பி அடிக்கும். எங்கள் பவுண்டரியோ கடலிலிருந்து கூப்பிடு தூரம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறினால் குழிக்கு அடியில் தண்ணீர் கசியும். மேல் மணல் பொரபொரவென்று காய்ந்திருக்கும், அடி மணல் நனைந்திருக்கும். வெள்ளைக்காரன் இடம் பார்த்துக் கட்டிய லட்சணம் அது.

அப்படியிருந்தும் பல வருஷமாக அங்கே ஒரு சாவும் விழவில்லை. காரணம், "குழி சொல்றது" என்று அவர்கள் வைத்திருந்த ஒரு வழக்கம். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் காலை ஆள் கிளம்பமாட்டார். குழி ஓரத்தில் குந்துவார். மதியத்து ஆள் எதிரில் குந்துவார். ஒரு பீடியை இருவரும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். அதற்குள் காலை ஆள், எந்தப் பக்கம் ஈரம், எத்தனை கூடை கரி எரிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் காயவேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை. பழைய மானேஜர் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான், பகலிலேயே சாராய வாடை அடிக்கும். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும் குழிப் பக்கமே வரமாட்டார்.

அவர் போய்ப் புதியவர் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். நான் அவரை ஒரு பெரிய மனிதர் என்றே நினைத்தேன். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆட்கள் கும்பலாக உட்கார்ந்து பேசுவது அவர் கண்ணில் பட்டது. சங்கம் வைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். வருகிறவர்களுக்குக் கிழக்கு வாசல், போகிறவர்களுக்கு மேற்கு வாசல் என்று பிரித்துவிட்டார். சங்கு ஊதிய ஐந்தாவது நிமிஷம் உள்ளே நிற்கும் காலை ஆளுக்கு எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் டைம் ஆபீஸ் ஜன்னலில் சொல்லவேண்டும். நான் அதை ஒரு நோட்டில் எழுதவேண்டும். மானேஜர் கையெழுத்துப் போட்டதும் அது மேஸ்திரி மூலமாக ஊற்றுகிறவர்களிடம் போகும்.

"பேச்சு காத்தோட போயிடும் தம்பி. எழுத்துதான் நிக்கும்," என்றார் என்னிடம். அந்த உத்தரவை டைப் அடித்தவனும் நான்தான்.

முதல் மூன்று மாதம் உற்பத்தி கூடியது. வாசலில் பலகை வைத்து எத்தனை குழாய் என்று சாக்பீஸால் எழுதினார்கள். ஆனால் எனக்கு என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் ஒன்றரைக்கே வந்து வாசலில் நிற்கிறவர்கள், இப்போது சங்கு ஊதும்வரை எதிர்ச் சாரி டீக்கடையில் இருந்தார்கள். தரையில் விழுந்த ஸ்பானரை யாரும் குனிந்து எடுப்பதில்லை, தாண்டிப் போனார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எதைச் சொன்னாலும் "சரி சார்". அந்தச் "சரி சார்" எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு குழாய்களில் ஓட்டை விழத் தொடங்கியது, புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி சின்னச் சின்னப் பொத்தல்கள். ஈரத்தின் வேலை அது என்று பவுண்டரியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மானேஜர் நோட்டில் "யார் பொறுப்பு" என்று புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். ஈரம் என்று சொன்னவன் பெயரே அந்தக் கட்டத்தில் ஏறியது. இரண்டு பேருக்கு அப்படி எச்சரிக்கை போனதும் ஜன்னலுக்கு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அதே மாதம் குழிக்கு வரும் கரியையும் குறைத்தார்கள். இரண்டு வாசலுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். குடல் கூழுக்கு அழுகிறது, கொண்டை பூவுக்கு அழுகிறது என்பார்களே, அதேதான்.

காலை ஷிப்டில் அச்சு கட்டும் மூத்தவர் கடலோரக் குப்பத்துக்காரர். மதியம் ஊற்றுகிறவன் அவருடைய தங்கை புருஷன். இருவர் வீடும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் வாரத்தில் ஆறு நாள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இவர் விடியும் முன்னே கிளம்பிவிடுவார், அவன் படுக்கைக்குப் போகும்போது இவர் தூங்கியிருப்பார். குழி ஓரத்துப் பத்து நிமிஷம்தான் அவர்கள் பேசிக்கொண்ட நேரம். அதுவும் போயிற்று.

அது ஒரு அமாவாசை. மணி இரண்டடித்து இரண்டு நிமிஷம் இருக்கும். மூத்தவர் வில்லையை என் ஜன்னலில் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை இருந்தது.

"சார், மூணாம் குழி மேலதான் காஞ்சிகீது. அடில சொதசொதன்னு கீது. கரி பத்தல. இன்னும் ரெண்டு கூடை போட்டு எரிச்சாத்தான் ஊத்தணும். மச்சானாண்ட சொல்லணும் சார்."

"எழுதிக்கிறேன்."

"எயுதறது கெடக்கட்டும் சார். நீ ஒரு நட போயி அவுனாண்ட சொல்லிட்டு வந்துரேன். நான் இங்க நின்னா சீட்டக் கீச்சிடுவானுங்கோ."

பொறுப்புக் கட்டத்தில் தன் பெயர்தான் ஏறும் என்று தெரிந்தே சொல்வதாக அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எனக்கே தெரியும். ஜன்னலிலிருந்து மூன்றாம் குழிக்கு நூறு தப்படி இருக்கும். ஆனால் கிளார்க்குகள் குழிப் பக்கம் போகக் கூடாது என்றும் ஓர் உத்தரவு இருந்தது. வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. "போங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன். அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேற்கு வாசல் வழியாகப் போனார்.

எழுதினேன். அழகான கையெழுத்தில், ஒரு வார்த்தை விடாமல், நேரத்தோடு எழுதினேன். நோட்டை எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனேன். நாற்காலி காலி. ஹார்பருக்கு மெஷின் இறக்கப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றான் பியூன். நோட்டை மேஜைமேல் வைத்து, பறக்காமல் இருக்க மைக்கூட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு ஜன்னலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. கிரேன் நகரும் சத்தம் கேட்டது. உலைக்குக் காற்று ஊதும் சத்தம் கேட்டது. எழுந்து போகலாம் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. மேஸ்திரிக்குத் தெரியாமலா இருக்கும், அமாவாசை என்று ஊற்றுகிறவனுக்கே தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பின்னால் தெரிந்தது, அவன் கேட்டிருக்கிறான். "குழி காஞ்சிதா?" என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறான். "நோட்டு ஒண்ணும் வரல. வரலைன்னா சரியாத்தான் இருக்கும், ஊத்து," என்றிருக்கிறார் மேஸ்திரி. பழைய நாளாக இருந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனே கரி அள்ளப் போயிருப்பான். அன்றைக்கு "சரி சார்" என்று சொல்லிவிட்டு ஊற்றினான்.

நாலு மணிக்கு என் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. முதலில் ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. கிரேன் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் ஓடி வந்து என்னிடம் லாரி கேட்டார். நான் கையில் இருந்த வில்லைகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை அவன் செத்துப்போனான்.

விசாரணை நடந்தது. மானேஜர் நோட்டை விரித்துக் காட்டினார். தகவல் முறைப்படி பதிவாகியிருக்கிறது, கிளார்க்கிடம் தவறு இல்லை என்று வந்த அதிகாரியும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெரிய ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே மேஜை கொடுத்தார்கள். நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக ஹார்பர் வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மணலும் தெரியாது, கடலும் தெரியாது. திரும்பி வந்த குழாய்கள் மதில் ஓரத்தில் மலையாகக் குவிந்தன. அந்த மானேஜர் இன்னொரு ஊருக்கு இன்னும் பெரிய பதவிக்குப் போனார். அதற்குப் பிறகு நாலு வருஷம்கூட அந்த பவுண்டரி தாங்கவில்லை. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், விசாரணை முடிந்த மறுநாள், மூத்தவர் வேலையை விட்டு நிற்க வந்தார். நான் நீட்டிய வில்லையை வாங்கவில்லை. தாடி முளைத்திருந்தது.

"எயுதுனியா சார்?" என்றார்.

"எழுதினேன். நீங்க சொன்னது ஒண்ணு விடாம."

"எங்க, படி."

நோட்டை எடுத்துப் படித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கடைசி வார்த்தைவரை கேட்டார்.

"கரீட்டாத்தான் எயுதிகீற. நோட்டு போயிருந்தாலும் அவுனுக்குப் படிக்கத் தெரியாது சார். அதான் உன்ன வாயால சொல்லச் சொன்னேன்."

எனக்குத் தெரியும். மாதாமாதம் அவன் கட்டைவிரலைப் பிடித்து, மையில் தொட்டு, சம்பள ரிஜிஸ்தரில் அழுத்தியவன் நான்தான்.