கடலுக்குப் போகாத கான்

தாழ்வுபாட்டுக்குப் போகும் வீதியோரம் எங்கள் ஊர். அங்கே நான் முன்பள்ளி ஆசிரியை. ஊர் மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். ஆசிரியை வேலை பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் சிபாரிசில் கிடைத்தது. அதை அவர் மறந்ததில்லை, என்னை மறக்க விட்டதுமில்லை.

மழைவெள்ளம் கடலுக்கு ஓடவென்று எங்கள் ஒழுங்கையில் சபை ஒரு கான் கட்டியது. கட்டும் கொந்தராத்து யாருக்குப் போனது, ஏன் போனது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒழுங்கை முகப்பில் உறுப்பினரின் படத்தோடு பெரிய பலகை மட்டும் எழும்பியது. முதல் மாரி பெய்தபோது வெள்ளம் எங்கள் குசினிகளுக்குள் அடுப்படி வரை வந்தது. கானின் கடற்பக்க முனையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா விற்பதற்குக் காயவைத்திருந்த கருவாடு முழுக்க நனைந்து நாறிப்போனது. அவர் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு கிழமை கழித்து உறுப்பினர் ஒரு கடிதத்தோடு வந்தார். வேலை திருப்தியாக முடிந்தது என்று மாதர் சங்கம் ஒப்பமிட்டால்தான் சபைக் கந்தோரில் கோப்பை மூடலாம்.

"ஒரு ஒப்பம் வையுங்கோ ரீச்சர். நேரம் போகுது."

நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்தேன். "இதைக் கானுக்குள்ள ஊத்திறன் ஐயா. கடலுக்குப் போனா வைக்கிறன்."

ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் படலைக்கு வந்துவிட்டார்கள். கானின் நடுவில் ஊற்றினேன். தண்ணீர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது. யாரோ சிரித்தார்கள்.

"அது கொந்தராத்துக்காரரின்ர பிழை. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை," என்றார் உறுப்பினர்.

"பலகையில உங்கட படம்தானே நிக்குது? அவருக்குக் குடுக்கச் சொல்லிச் சபையில கையைத் தூக்கினது ஆர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்பள்ளி வேலை உங்களுக்கு வேணும்தானே, ரீச்சர்?"

வேண்டும்தான். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. பயந்தேன், பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் கானைத் தலைகீழாகக் கட்ட விட்டுவிட்டு என் பிழைப்பைக் காட்டி மிரட்டுகிறாரே என்று நினைத்ததும் பயம் எங்கே போனதோ தெரியாது. கடிதத்தை வாங்கி அதிலேயே எழுதினேன்: 'வேலை சரியில்லை. இந்தக் கொந்தராத்துக்காரருக்கு ஏன் கொடுத்தீர்கள், யார் யார் சம்மதித்தீர்கள் என்று எழுத்தில் பதில் தரவும்.' கீழே ஒழுங்கைப் பெண்கள் அத்தனை பேரும் ஒப்பமிட்டார்கள், பக்கத்து வீட்டு அக்கா முதல் ஆளாக.

அடுத்த மாதம் முன்பள்ளிக்கு வேறு ஆசிரியை வந்தார். எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை. சபை கூடும் நாளிலெல்லாம் போய், பார்வையாளர் வாங்கில் முன்வரிசையில் உட்காருகிறேன். என்னைக் கண்டதும் உறுப்பினர் தலையைக் குனிந்து கோப்பைப் புரட்டுகிறார். முன்பெல்லாம் காலையில் எனக்குப் பிள்ளைகளோடு வேலை இருந்தது. இப்போது அவர் புண்ணியத்தில் நேரம் தாராளமாக இருக்கிறது.