கோழிக்கு வந்த கட்டி

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. பாலக்காட்டுப் பக்கத்துப் பள்ளிகளின் சயன்ஸ் வாத்தியார்களுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றி வகுப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். நான் மருத்துவர் அல்ல. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி இதழ்களில் படித்ததை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுப்பாடில்லாமல் பெருகிய செல்களை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். சிகரெட் புகையை ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள் என்றபோது பின் பெஞ்சில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கோழிகளுக்கு வரும் ஒருவகைக் கட்டிக்கு வந்தேன். அதற்குக் காரணம் வைரஸ், அந்தக் கட்டியின் சாற்றை வேறொரு கோழிக்கு ஊசி போட்டால் அதற்கும் கட்டி வருகிறது என்றேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்த வாத்தியார் ஒருவர் அதன்பின் எதையும் எழுதவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் என் மேஜையருகே வந்தார்.

“ஏனுங்க டீச்சர், அப்ப இது தொத்து நோயுங்களா?”

அவருடைய அக்காவுக்கு மார்பில் கட்டி. கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தம்பி வீட்டில் இருந்தார். சில மாதங்களாக மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் அவருக்குத் தனித்தட்டு, தனிப்பாய். அது வேண்டாமென்று வாத்தியார் வாதாடிக்கொண்டிருந்தார். என் வகுப்பைக் கேட்டதும் அவருக்கே பயம் வந்துவிட்டது.

ஊசியில் ஏற்றுவது வேறு, கூட உட்கார்ந்து சாப்பிடுவது வேறு, மனிதர்களுக்குத் தொட்டால் ஒட்டுவதில்லை என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டார். ஆனாலும், வீட்டுக்கு வந்து நானே அதைச் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாள் மாலை பஸ்ஸில் போனோம். அவர் மனைவிதான் ஒதுக்கி வைத்திருப்பார் என்று எண்ணி, அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அந்த மனைவியோ அறை வாசலில் நின்று, வீட்டுக்குள் வந்து சாப்பிடும்படி நாத்தனாரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“நானேதானுங்க ஒதுங்கிட்டேன்,” என்றார் அக்கா. “எம் புள்ளைகளுக்கு வந்துருச்சுன்னா?”

வாத்தியாரிடம் சொன்னதையே, கோழியை விட்டுவிட்டு, அவரிடமும் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த சின்ன மகளைப் பார்த்தார்.

“சின்னவளப் பக்கத்துல படுக்க வெச்சுக்கலாமுங்களா?”

“தாராளமா வெச்சுக்கலாம்.”

தனக்குக் குணமாகுமா என்று அதன்பிறகுதான் கேட்டார். தெரியாது என்றேன், மெட்ராஸில் ரேடியம் வைத்தியம் செய்கிறார்கள், தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள் என்றேன்.

தம்பியோடு மெட்ராஸுக்குப் போய் வைத்தியம் செய்துகொண்டார். அடுத்த கோடையில் வாத்தியார் என்னைப் பார்க்க வந்தபோது, அக்கா மெலிந்துவிட்டதாகவும் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அந்த அக்கா இன்னும் சில வருடங்கள் உயிரோடு இருந்தார், பிள்ளைகளோடு அந்த வீட்டுக்குள்ளேயே.